420 கிலோமீட்டர் நடக்கலாம். 14 நாளில் வேண்டாம்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். நான்கு பக்கக் கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

எழுதியவருக்கு 57 வயது. மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, நான்கு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். பத்து மாதத்துக்கு முன் ஓர் இரவு திடீரென்று நிலைமை மோசமானது. இவர் அப்போது வேலை நிமித்தம் வேறு ஊரில், 420 கிலோமீட்டர் தள்ளி இருந்தார். மருத்துவமனையில் உடனிருந்தது மகன் மட்டும். மகன் போன் செய்ததும் இவர் உடனே கிளம்பினார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு மாதத்தில் முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. அந்தப் போன் வந்த இடத்திலிருந்து டயாலிசிஸ் மருத்துவமனை வரை அதே 420 கிலோமீட்டரையும் நடக்க வேண்டும், நாளுக்கு 30 வீதம் 14 நாளில், கடைசி நாள் சரியாக நினைவு நாளாக இருக்க வேண்டும் என்பது இவர் திட்டம். டயாலிசிஸுக்குப் பணம் இல்லாதவர்களுக்காக நிதி திரட்டப்போகிறார். மகன் கூடவே கூடாது என்கிறான். மைத்துனர் ஆதரவு, பணம் சேர்க்கத் தன் வங்கிக் கணக்கையே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவருக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. அதற்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். இரவில் பாதம் கொஞ்சம் எரிகிறது. "ஆனால் மரத்துப்போகவில்லை" என்று அழுத்திச் சொல்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "ஒற்றைக் காலோடு டெர்ரி ஃபாக்ஸ் நாடு முழுக்க ஓடினார். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது, நடைதானே டாக்டர்? கால் வலித்தால் வலிக்கட்டும். அவள் பட்டதில் ஒரு பங்காவது நான் பட வேண்டாமா?"

ஐயா, உங்கள் மனைவியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நடக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல மகன் இருக்கிறார். நடக்கலாம், 420 கிலோமீட்டரையும் நடக்கலாம். நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் இந்தத் திட்டப்படி மட்டும் கூடாது. ஏனென்றால், நினைவாக ஒரு நடை, தண்டனையாக ஒரு நடை என்று இரண்டு இதில் கலந்து கிடக்கின்றன. முதலாவதற்கு நான் உங்கள் பக்கம். இரண்டாவதற்கு மருத்துவச் சான்று கேட்டால் தர மாட்டேன்.

"நடைதானே" என்பது பற்றி

ஒரு நாளில் 30 கிலோமீட்டர் நடப்பது பெரிய விஷயம் அல்ல. பழக்கம் உள்ள எவரும் நடப்பார்கள். மறுநாளும் அதே 30, அதற்கடுத்த நாளும் அதே 30 என்று போகும்போதுதான் கதை மாறுகிறது. 30 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 40,000 அடி. ஒவ்வோர் அடியிலும் உங்கள் முழு எடையும் ஒரு பாதத்தில் இறங்குகிறது. எலும்பிலும் தசைநாரிலும் அன்றாடம் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடல் ஓய்வில்தான் சரிசெய்யும். உங்கள் 14 நாளில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை.

நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855இல் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதன் பிறகுதான் அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் என்று தெரிந்தது. இன்றும் அதை 'அணிவகுப்பு முறிவு' என்றே சொல்கிறோம். விழுந்து அடிபட்டு வருவதல்ல, வெறும் நடையால் வருவது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் அன்றோடு நடையை நிறுத்த வேண்டும். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்தால் விரிசல் முழு முறிவாகிவிடும்.

டெர்ரி ஃபாக்ஸைச் சொன்னீர்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்து, புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட ஓடிய கனடா இளைஞர். அவர் ஓடத் தொடங்கும் முன் ஓராண்டுக்கும் மேல் பயிற்சி எடுத்து, அதிலேயே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார். வயது 21. 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியைத் தாண்டியபோது நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் நாட்டின் மறுகரையைத் தொடவில்லை. அதற்காக யாரும் ஒரு டாலரைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. வழியில் மருத்துவப் பரிசோதனைகளை அவர் தவிர்த்தார் என்பதும் அந்தக் கதையில் உண்டு. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் என்னிடம் வரும் நோயாளி அவரை உதாரணம் காட்டினால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இன்னொன்று. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1909இல் தொடங்கிய நான்கு நாள் நடை இருக்கிறது. வயதைப் பொறுத்து நாளுக்கு 30, 40, 50 கிலோமீட்டர். பல்லாயிரம் பேர் வருவார்கள், வழியெங்கும் மருத்துவ உதவி இருக்கும். 2006இல் முதல் நாள் வெயிலில் இருவர் இறந்தார்கள். மீதி மூன்று நாளையும் ரத்து செய்துவிட்டார்கள். நிறுத்துவதற்கு அங்கே ஆள் இருந்தது. உங்கள் திட்டத்தில் "இன்று போதும்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

பாதமும் சர்க்கரையும்

எரிச்சல் இருக்கிறது, மரத்துப்போகவில்லை, ஆகவே நரம்பு நன்றாக இருக்கிறது என்பது உங்கள் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்படும்போது பலருக்கு முதலில் வருவதே எரிச்சல்தான். அதோடு உணர்வும் சேர்ந்து குறையலாம். குறைந்த உணர்வு நமக்கே தெரியாது. அதுதான் அதன் ஆபத்து. தூரிகை மயிர் போன்ற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பத்து கிராம் அழுத்தத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு, எங்கே தொடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் சொல்ல முடியாவிட்டால், காலணிக்குள் கிடக்கும் சிறு கல்லும் உங்களுக்குத் தெரியாது என்று பொருள். மற்றவருக்கு அது கொப்புளம். உங்களுக்கு அது ஆறாத புண். அந்த நிலையிலும் அளவான நடைக்குத் தடை இல்லை. நாளுக்கு 30 என்பது அளவான நடை அல்ல.

அடுத்து இதயம். நீண்ட காலச் சர்க்கரையில் மாரடைப்பின் முன்வலி வராமலே போகலாம். "எனக்கு நெஞ்சு வலித்ததே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இசிஜி எடுங்கள். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் சொல்லாமல் கிளம்பிவிடுவதாக ஒரு வரியில் எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்திய வரி அதுதான்.

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. கிளிமிபிரைடு இறக்கும். பல மணி நேரம் நடந்தால் அன்றைக்கு மட்டுமல்ல, அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம். நடை நாட்களில் அந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கிளம்பும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத சிடுசிடுப்பு வந்தால் உட்கார்ந்து சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. குளுக்கோஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் வண்டியில் இருந்து பயனில்லை.

தண்ணீர் பற்றி: மணிக்கு ஒரு லிட்டர் குடிப்பதாகத் திட்டம் வைத்திருக்கிறீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். மெதுவாக, நீண்ட நேரம் நடப்பவர்கள் கணக்கு வைத்து அளவுக்கு மீறிக் குடிப்பதால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் வலிப்பு வரை வந்ததுண்டு.

புதுக் காலணி வாங்கிப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறீர்களாம், முதல் நாள் போடுவதற்கு! இன்றே எடுத்துப் போடுங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத் தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். செயற்கை இழை அல்லது கம்பளிக் காலுறை நல்லது. ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றினால் அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். இரவில் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

வலி மாத்திரை: ஒன்றுகூட வேண்டாம்

தினமும் காலையில் ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐயா, யாருக்காக நடக்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ளச் சில வேதிப்பொருள்களை நம்பியிருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் அவற்றைத்தான் தடுக்கின்றன. நீங்கள் சாப்பிடும் டெல்மிசார்ட்டன் சிறுநீரகத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை வேறொரு வழியில் குறைப்பது. சாதாரண நாளில் அது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு. வியர்த்து வற்றிய உடலில், வலி மாத்திரையோடு சேர்ந்தால் அதுவே சுமை. 11 ஆண்டுச் சர்க்கரை ஏற்கெனவே அங்கே என்ன செய்து வைத்திருக்கிறது என்பதே தெரியவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனைகளான ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் இல்லை. நான்கு ஆண்டுகள் மனைவியின் அறிக்கைகளைக் கோப்பில் அடுக்கி வைத்தவர், உங்களுடையதை எடுக்கவே இல்லையோ என்று சந்தேகப்படுகிறேன்.

போதாததற்கு, வலி மாத்திரை நான் மேலே சொன்ன எலும்பு விரிசலையும் மறைத்துவிடும். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால், அளவோடு. அதற்கும் அடங்காத வலி என்றால் நடையை நிறுத்துங்கள்.

420 என்ற எண்

அந்தத் தூரத்தைக் குறையுங்கள் என்று உங்களிடம் கேட்கப்போவதில்லை. அன்றிரவு கடக்க முடியாத தூரம் அது. அதை 100 ஆக்குங்கள் என்றால் உங்களுக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

ஆனால் 14 நாள் எங்கிருந்து வந்தது? விடுப்பு அவ்வளவுதான் கிடைக்கும் என்பதாலும், சிரமமாக இருக்க வேண்டும் என்பதாலும். இரண்டாவது காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் படுத்திருந்தார். நான்கு ஆண்டுகள். நீங்கள் அவரோடு பங்கு போட நினைத்தால் அந்தத் தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் நடை. நாளுக்கு நான்கு மணி நேரம், நிதானமாக 15 கிலோமீட்டர். 28 நாள் நடந்தால் 420. ஒன்பது வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நடை முடிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வண்டியில் வீடு திரும்புங்கள். அடுத்த முறை அதே இடத்தில் இறங்கித் தொடருங்கள். பயணத்துக்கு அதிக நேரம் பிடிக்கும் பகுதிகளில் மட்டும் ஓரிரு இரவு வெளியே தங்க வேண்டிவரும். இடையிடையே ஓய்வு நாள் தானாகவே வந்துவிடுகிறது. விடுப்பையும் நாள் நாளாகப் பிரித்து எடுக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர் எத்தனை நாள் வேலையை, பயணத்தை, விசேஷங்களை அந்த மூன்று நாளைச் சுற்றி வளைத்துக் கட்டிக்கொள்கிறார் என்பதும் உங்கள் நடையைப் பார்க்கிறவர்களுக்குப் புரியும். நன்கொடை கேட்க இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நினைவு நாளில் முடிப்பதை விட்டுவிட்டு, அன்று தொடங்குங்கள். காரணம் இரண்டு. ஒன்று, பரிசோதனைகளுக்கும் பயிற்சிக்கும் இரண்டு மாதம் கிடைக்கிறது. இப்போது தினம் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவர் வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி இரண்டு வாரத்தில் 12, 13 வரை வந்துவிடலாம். இரண்டு, முடிவில் ஒரு தேதி நின்றுகொண்டு விரட்டினால் வீங்கிய காலோடும் நடப்பீர்கள். உங்களைப் போன்றவர்கள் நிச்சயம் நடப்பீர்கள்.

நடந்து முடித்தால் மனம் ஆறிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு இலகுவாகலாம், முடிந்துவிடாது. துக்கத்தை ஆய்ந்த ஸ்ட்ரோபி, ஷுட் என்ற இருவர் 1999இல் சொன்ன ஒரு விளக்கம் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: இழந்தவர் இழப்புக்குள் மூழ்குவதும், அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவதுமாக மாறி மாறி அசைகிறார், இரண்டும் வேண்டும். 14 நாள் இடைவிடாத நடை முழுக்க ஒரே பக்கம். முடிந்த மறுநாள் காலை செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டில் உட்காரும்போது வருகிற வெறுமையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நடந்த நாளின் மறுநாள் அலுவலகம் போக வேண்டியிருப்பது அந்த வகையில் நல்லதே. ஆனால் தூக்கமின்மையும் "நான் இருந்திருந்தால்" என்ற எண்ணமும் ஓராண்டைத் தாண்டியும் இப்படியே அன்றாடம் அழுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு. நடை அதற்கு மாற்று அல்ல.

ஒரு மருத்துவராக இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்த்தால், நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தாலும் அன்றிரவு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அது கிடைக்காமல் போனது இழப்பு. குற்றம் அல்ல.

பணம்

மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கணக்கில் ஒரு பைசாவும் விழ வேண்டாம். உங்கள் கணக்கிலும் வேண்டாம். நான் வழக்கறிஞர் அல்ல, இதற்கான சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எங்கும் பொருந்தும் சில விஷயங்கள் உண்டு. பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தை முதலில் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரைப் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பணம் நேரடியாக அவர்களுக்கே போகும் வழியை அவர்களே அமைத்துத் தருவார்கள். "டயாலிசிஸுக்கு" என்று சொல்லி வாங்கிய பணம் டயாலிசிஸுக்கே போக வேண்டும். வேறு எதற்கும் திருப்ப முடியாது. ஆகவே வேண்டுகோளின் வாசகத்தை நிறுவனத்தோடு கலந்து எழுதுங்கள். உங்கள் போக்குவரத்து, தங்கும் செலவு உங்கள் கையிலிருந்து; அதையும் வேண்டுகோளிலேயே சொல்லிவிடுங்கள். நடை பாதியில் நின்றாலும் பணம் நிறுவனத்துக்குத்தான் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். அந்த ஒரு வரி, நிறுத்த வேண்டிய நாளில் உங்களுக்கு நிறுத்தும் தைரியத்தைத் தரும்.

"எளிதாக நடந்தால் யார் கொடுப்பார்கள்?" என்ற கேள்விக்கு: 2020இல் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற 99 வயது முன்னாள் ராணுவ அதிகாரி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை 100 முறை நடந்தார். மொத்தம் இரண்டரைக் கிலோமீட்டர். 1,000 பவுண்டு எதிர்பார்த்தார்; 3.2 கோடி பவுண்டுக்கு மேல் வந்தது. கால் எவ்வளவு கிழிந்தது என்று பார்த்து யாரும் பணம் போடுவதில்லை.

மகன்

அவர் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றிரவு மருத்துவமனையில் தனியாக இருந்தவர் அவர். போன் செய்துவிட்டு நீங்கள் வரும்வரை காத்திருந்தவரும் அவரே. இப்போது அப்பா, சர்க்கரையோடு, மருத்துவரிடம் சொல்லாமல், நெடுஞ்சாலையில் 14 நாள் நடக்கப்போவதாகச் சொல்கிறார். இன்னொரு போன் வரும் என்றுதான் அவருக்குத் தோன்றும். இதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது?

2021 அக்டோபரில் பிரிட்டனில் மூன்று தந்தையர், தற்கொலையால் மகள்களை இழந்தவர்கள், ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீடு என்று ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நடந்து நிதி திரட்டினார்கள். அவர்கள் மூவராக நடந்தார்கள். வழியில் முன்பின் தெரியாதவர்கள் வந்து தங்கள் இழப்பைச் சொல்லிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடந்தார்கள். நீங்களோ தனியாக நடக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். மகனிடம் பரிசோதனை முடிவுகளைக் காட்டுங்கள். நிறுத்தும் விதிகளை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்: பாதத்தில் திறந்த புண், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு முட்டல், நெஞ்சில் அழுத்தம், இரண்டு முறை சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய நடை முடிந்தது. முடிவை அவர் சொல்வார், நீங்கள் வாதாட மாட்டீர்கள். 28 நாளில் சில நாள் அவரும் கூட நடக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்.

கடைசியாக, டயாலிசிஸ் பிரிவுக்குள்ளேயே போய் நடையை முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாலைத் தூசியோடு உள்ளே போக வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும். ஒரு குழுவுக்கு டயாலிசிஸ் முடிந்து அடுத்த குழுவுக்குத் தொடங்கும் நேரம்தான் செவிலியர்களுக்கு மூச்சுவிட முடியாத நேரம், அதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகப் போன் செய்து, எப்போது வந்தால் வாசலில் வந்து பார்க்க முடியும் என்று கேளுங்கள். உங்கள் மனைவியைப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இன்னும் அங்கே வேலையில் இருப்பார்கள்.